நாலு காலில் நின்ற ஐந்தாவது

"நின்னுடுச்சு."

"எது நின்னுடுச்சு?"

"ராக்கெட்."

"நடுவழியிலயா?"

"இல்ல. மேல போயி, திரும்பி வந்து, தளத்துல இறங்கி, நாலு காலையும் ஊன்றி நின்னுடுச்சு."

மறுமுனையில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"விழலையா?" என்றாள் மனைவி.

"விழல."

"சாயக்கூட இல்லையா?"

"கொஞ்சங்கூட இல்ல."

"அப்போ நீங்க எப்ப வீட்டுக்கு வர்றது?"

ஃபிட்டர் தளத்தைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருடம் அவர் கைபட்டு வளர்ந்த ராக்கெட் அது. சற்று முன்தான் வானத்திலிருந்து வால் பக்கமாக இறங்கி, தளம் முழுக்கப் புழுதியைக் கிளப்பி, புழுதி அடங்கியபோது நட்டு வைத்த மாதிரி நின்றிருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்லத்தான் போன் போட்டார். சொல்லாமலே வைத்துவிட்டார்.

மீள்பயன் ராக்கெட் நிலையத்தின் நோக்கம் அதன் வாசலிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது: 'ஒரு முறை அல்ல, பல முறை.' ஒரு தடவை பறந்ததும் கடலில் தூக்கிப் போடுகிற ராக்கெட்டுக்குப் பதிலாக, போய்விட்டுத் திரும்பி வந்து, எரிபொருள் நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்புகிற ராக்கெட். பஸ் மாதிரி என்று இயக்குநர் சொல்லுவார். இயக்குநர் பஸ்ஸில் போனதில்லை.

அங்கே ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. முதல் தகடு வெட்டுகிற நாளில் ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு, "இது உங்களுது" என்று சொல்லிவிடுவார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் அதைச் சுற்றி வந்து, இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். வாகனம் அழியும் வரை, அல்லது இரண்டாம் முறை பறந்து இறங்கும் வரை, எது முந்தியோ அதுவரை பொறுப்பாளருக்கு இடமாற்றம் கிடையாது. ஆறு மாதத்துக்கு நாலு நாள் லீவு. பொறுப்பாளர்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நம் ஃபிட்டர் 'அஞ்சு'. வீடு ஏழு மணி நேர ரயில் தூரத்தில் இருந்தது. அங்கே தையல் கடை வைத்திருக்கிற மனைவியும், இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளும் இருந்தார்கள்.

முதல் நாலு ராக்கெட்டுகளின் பொறுப்பாளர்கள் எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முதலாவது, இறங்குவதற்கு வைத்திருந்த எரிபொருளையும் ஏறும்போதே தீர்த்துவிட்டுக் கடலில் விழுந்தது. இரண்டாவதின் எஞ்சின் திரும்பி வரும் வழியில் மறுபடி பற்ற மாட்டேன் என்றுவிட்டது. மூன்றாவதும் நான்காவதும் தளத்துக்கு மேல் வரை அழகாக வந்தன, காலை விரித்தன, உட்காருவது போல மடிந்து சரிந்தன. ஒவ்வொரு தடவையும் இயக்குநர் மைக்கைப் பிடித்து, "விழுவதற்கு முன்பு வரை எல்லாம் திட்டமிட்டபடியே நடந்தது" என்று சொன்னார். கை தட்டினார்கள். அந்த வாரமே பொறுப்பாளர் பெட்டியைக் கட்டினார்.

ஐந்தாவது நின்ற அன்று இயக்குநர் மைக் முன்னால் வந்து, எழுதி வைத்திருந்த பேச்சுத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது, இதற்கு முந்தைய நான்கு வெற்றிகளிலிருந்து சற்று மாறுபட்ட வெற்றி," என்றார். "இதற்கு நாம் தயாராக இல்லை. அனைவரும் அமைதி காக்க வேண்டும்."

அது ஏன் நின்றது என்பது அந்த வளாகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

ராக்கெட்டுக்கு எத்தனை கால் என்று தீர்மானிக்க முன்பு ஒரு குழு பதினான்கு மாதம் உட்கார்ந்தது. மூன்று போதும், எடை குறையும் என்றார் ஒரு பொறியாளர். ஐந்து வேண்டும், சாயாது என்றார் இன்னொருவர். இருவர் மனமும் நோகக் கூடாது என்று நாலு என முடிவானது. சிறகு வைத்து விமானம் போல இறக்கலாமே என்று கேட்டவரை நூலகத்துக்கு மாற்றினார்கள். அந்த நாலு காலும் விரியும்போது, ஒவ்வொன்றிலும் ஒரு தாழ்ப்பாள் நாக்கு சறுக்கி வந்து ஒரு குழியில் விழ வேண்டும். விழுந்தால் கால் பூட்டிக்கொள்ளும். விழாவிட்டால் மடியும். குழியின் அளவும் நாக்கின் அளவும் மயிரிழை பிசகாமல் சரியாக இருந்தன. ஆனால் பெயிண்ட் பிரிவுக்காரர்கள் எல்லா ராக்கெட்டுக்கும் உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அடிப்பார்கள். குழிக்குள்ளும் அடிப்பார்கள். காய்ந்த பெயிண்ட் குழியின் அடியில் தோசைக் கல் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி அப்பிக்கொண்டிருக்கும். நாக்கு பாதியிலேயே நின்றுவிடும்.

ஐந்தாவது பறப்பதற்கு முன் ஒருநாள் ஃபிட்டர் அதைச் சுற்றி வரும்போது ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பெயிண்ட்டைத் தொட பெயிண்ட் பிரிவின் அனுமதி வேண்டும். அதற்கு ஏழு கையெழுத்து. அவர் உடைந்த ரம்பத் தகடு ஒன்றைத் தீட்டி எடுத்துவந்து, நாலு குழியையும் பளிச்சென்று சுரண்டிவிட்டு, தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் விஷயம்.

ஏன் விழவில்லை என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். ராக்கெட்டின் உடம்பில் படிந்த கரியைத் துடைப்பதா வேண்டாமா என்று இன்னொரு குழு. துடைத்தால்தான் அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க முடியும் என்றது ஒரு பக்கம். அந்தக் கரி சரித்திரம் என்றது மறுபக்கம். முடிவில் வடக்குப் பக்கம் துடைத்தார்கள், தெற்குப் பக்கம் விட்டுவைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ராக்கெட் பாதி ஷேவ் பண்ணிய ஆள் மாதிரி இருந்தது.

முதல் குழு ஃபிட்டரைச் சாட்சியாகக் கூப்பிட்டது. பன்னிரண்டு பேர் நீள மேசையைச் சுற்றி இருந்தார்கள்.

"அன்னிக்குக் காத்து எப்படி அடிச்சது?"

"சுமாரா அடிச்சதுங்க ஐயா. ஆனா அந்தத் தாழ்ப்பாள் குழில பெயிண்ட்..."

"ஒரு நிமிஷம்," என்றார் பெயிண்ட் பிரிவு அதிகாரி. "இவர் ஃபிட்டர்தானே? பெயிண்ட்டைப் பத்திப் பேச இவருக்கு அதிகாரம் இருக்கா?"

விதிப் பிரிவு அம்மா புத்தகத்தைத் திறக்கவே இல்லை. முந்நூறு விதியும் அவருக்கு மனப்பாடம். "இல்லை," என்றார்.

"அப்போ காத்தைப் பத்தி மட்டும் சொல்லுங்க," என்றார் தலைவர்.

"சுமாரா அடிச்சதுங்க," என்றார் ஃபிட்டர்.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ஐந்தாவது ராக்கெட் விழாததற்குக் காரணம் சுமாரான காற்றும் தரமான பெயிண்ட்டும். எனவே கட்டப்பட்டு வரும் ஆறாவதுக்கு இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். காலின் நீளத்தையும் மாற்ற வேண்டும் என்று கூடவே ஒரு பரிந்துரை. வெற்றி பெற்ற அளவையே வைத்திருந்தால் முன்னேற்றம் என்று எதைக் காட்டுவது?

மாதங்கள் போயின. ஃபிட்டர் தினமும் சுற்றி வந்து கையெழுத்துப் போட்டார். போனில் ஒரு நாள் மகள் வந்தாள்.

"அப்பா, ராக்கெட் எப்ப விழும்?"

"அது விழாதும்மா. நல்ல ராக்கெட்."

"எங்க மிஸ்கிட்ட எங்கப்பா ராக்கெட் விழுந்ததும் வந்துடுவாங்கன்னு சொல்லிட்டேன். மிஸ் ஒரு மாதிரி பாத்தாங்க."

மனைவி போனை வாங்கினாள். "நாலு ராக்கெட் விழுந்து நாலு குடும்பம் நல்லா இருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன கேடு, இப்படி ஒழுங்கா வேலை பாத்துத் தொலைச்சிருக்கீங்க?"

"பழக்க தோஷம்."

"யாரையாவது போய்க் கேளுங்களேன். திரும்பத் திரும்பப் பறக்கத்தானே கட்டினது? பறக்க விடச் சொல்லுங்க. வாய் இல்லையா?"

கேட்கப் போனார். இயக்குநர் அறையில் ஐந்தாவது நிற்கிற புகைப்படம் சுவர் அளவுக்கு மாட்டியிருந்தது. வடக்குப் பக்கத்திலிருந்து எடுத்தது.

"ஐயா, இது மறுபடி எப்ப பறக்கும்னு..."

"உக்காருங்க அஞ்சு. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயி ஒம்பது வருஷம் ஆச்சுங்க."

"கல்யாணத்துக்குக் கண்ணாடி டம்ளர் செட் யாராவது குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஆறு டம்ளர்."

"அதுல தினமும் தண்ணி குடிக்கிறீங்களா?"

"இல்லைங்க. அலமாரில இருக்கு."

"ஏன்?"

"உடைஞ்சிடும்னு வீட்டுல எடுக்க விடமாட்டாங்க."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "உங்க மனைவிகிட்ட இருக்கிற அறிவியல் பார்வை இங்க பாதிப் பேருக்கு இல்ல. நாம மறுபடி பறக்கக்கூடிய ராக்கெட்டைச் செஞ்சுட்டோம். அது நிரூபணமாயிடுச்சு. இப்ப அதை மறுபடி பறக்கவிட்டு, விழுந்துச்சுன்னா? மறுபடி பறக்க முடியாததுன்னு ஆயிடும். கையில இருக்கிற வெற்றியைத் தூக்கி யாராவது வானத்துல எறிவாங்களா?"

"அப்போ இது பறக்கவே பறக்காதுங்களா?"

"பறக்கத் தகுதியோட நிக்கும். அதைவிடப் பெரிய நிலை ஒரு ராக்கெட்டுக்கு இல்ல."

"என் இடமாற்றம்..."

"நீங்க சரித்திரத்தோட பொறுப்பாளர்," என்றார் இயக்குநர். "சரித்திரத்துக்கு இடமாற்றம் உண்டா?"

அன்று சாயங்காலம் இதை அப்படியே மனைவியிடம் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"அலமாரியத் திறந்து ஆறு டம்ளரையும் எடுத்துட்டேன். கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் அதுலதான் தண்ணி. காலைல ரெண்டு உடைஞ்சுது. உங்க டைரக்டர்கிட்ட சொல்லுங்க. நாலு பாக்கி இருக்கு, ஒண்ணும் குடி முழுகிப் போயிடல."

நிலைமை இப்படி இருக்க, அமைச்சர் ஐந்தாவதைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. வளாகம் முழுக்கப் பரபரத்தது. பெயிண்ட் பிரிவு அதிகாரி ராக்கெட்டை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு முழங்காலிட்டார். பிறகு கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"பாதத்துக்கு அடியில பெயிண்ட் இல்லையே," என்றார்.

"அது தரையில பட்டுட்டு இருக்குங்க," என்றார் ஃபிட்டர்.

"அமைச்சர் குனிஞ்சு பாத்தா?"

"குனிஞ்சாலும் தெரியாதுங்களே. தரை மறைக்குது."

"நீங்க ஃபிட்டர். அமைச்சர் எவ்வளவு குனிவார்னு சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்ல."

ஆக, பாதத்தின் அடியில் வெள்ளை அடிப்பதற்காக ராக்கெட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. கிரேன் வந்தது. கிரேன் ஓட்டுகிறவரை எல்லாரும் 'மெதுவா' என்று கூப்பிடுவார்கள். வேறு வார்த்தை அவர் வாயில் அதிகம் வராது.

"தூக்கலாமா அஞ்சு?"

"தூக்குங்க. பாத்து."

"மெதுவா," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவர் நெம்புகோலை இழுத்தார்.

கம்பி இறுகியது. நாலு பாதமும் தரையை விட்டு எழும்பின. இடுப்பு உயரம். பெயிண்ட்காரர்கள் நாலு பேர் மல்லாந்து படுத்து, கீழே நகர்ந்து, அடித்தார்கள். காய இரண்டு மணி நேரம் என்றார்கள். அதுவரை ராக்கெட் தொங்கியது. பிறகு 'மெதுவா' அதை மெதுவாக இறக்கினார். நாலு காலும் மறுபடி தரையைத் தொட்டபோது டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

ராக்கெட்டின் முதல் காலில், முழங்கால் உயரத்தில், கண்ணாடி மூடிய சின்னப் பெட்டி ஒன்று உண்டு. எல்லாரும் அதை மீட்டர் என்பார்கள். பாதங்களில் இருக்கிற சுவிட்சுகள் தரையை விட்டு விலகி மறுபடி அழுந்தும்போதெல்லாம் அது ஒரு எண் ஏறும். ஐந்தாவது இறங்கிய நாளிலிருந்து அது 1 என்று காட்டிக்கொண்டிருந்தது.

'மெதுவா' கிரேனிலிருந்து இறங்கி வந்து அதை உற்றுப் பார்த்தார்.

"அஞ்சு."

"என்ன?"

"ரெண்டுன்னு காட்டுதே."

ஃபிட்டரும் பார்த்தார். இரண்டுதான். நேரே போனை எடுத்துக்கொண்டு காலுக்குப் பின்னால் போனார்.

"கிரேன் தூக்கினதைப் பறந்ததா எண்ணிடுச்சு," என்றார் மனைவியிடம். "தப்புன்னு எழுதிக் குடுக்கணும்."

"மீட்டர் யாரு வச்சது?"

"அவங்கதான்."

"மீட்டர்ல என்ன வந்ததோ அதை எழுதணும்னு சொன்னது யாரு?"

"அவங்கதான்."

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. மீட்டர் என்ன காட்டுதோ அதைச் சொல்லுங்க. கிரேன் தூக்கிச்சுங்கறதையும் சொல்லுங்க. அப்புறம் அவங்க அறிவியல் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு வாங்க."

அவர் அப்படியே எழுதினார். 'காலை பத்தரைக்குக் கிரேனால் தூக்கப்பட்டது. பன்னிரண்டரைக்கு இறக்கப்பட்டது. மீட்டர்: 2.'

ஒரு மணிக்கு அவசரக் கூட்டம். இயக்குநர், பெயிண்ட் பிரிவு அதிகாரி, விதிப் பிரிவு அம்மா, ஓரத்தில் ஃபிட்டரும் 'மெதுவா'வும்.

"மீட்டரை ஒண்ணுன்னு மாத்திடுங்க," என்றார் இயக்குநர்.

"குறைக்க விதி இல்லை," என்றார் அம்மா. "ஏத்தத்தான் இருக்கு."

"இது பறக்கலையே அம்மா. தொங்குச்சு."

"விதி நாற்பத்தொண்ணு. பறப்பு என்பது வாகனத்தின் எல்லாப் பாதங்களும் தரையை விட்டு நீங்கி, ஒரு சாணுக்குக் குறையாத உயரத்தை அடைவது. எதனால் நீங்கியதுன்னு விதில இல்லை."

"ஒரு சாணா? எந்த முட்டாள் எழுதினது அது?"

அம்மா மேசையைப் பார்த்தார். "நீங்கதான் எழுதினீங்க. நிலையம் தொடங்கின வருஷம். முதல் சோதனை வாகனம் ஒரு சாண் எழும்பி உக்காந்துடுச்சு. அன்னிக்கும் பெரியவங்க வந்திருந்தாங்க. பறந்துடுச்சுன்னு சொல்றதுக்கு விதி தேவைப்பட்டுச்சு."

இயக்குநர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மூடினார்.

"இறங்கினதுக்கு?" என்றார் இயக்குநர் மெல்ல.

"விதி நாற்பத்திரண்டு. எல்லாப் பாதங்களும் தரையைத் தொட்டு, பத்து நிமிஷம் விழாமல் நிற்பது."

எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். நின்றுகொண்டுதான் இருந்தது.

"இதை மறுத்து எழுதினா?"

"அனுமதி இல்லாத பறப்புன்னு விபத்து விசாரணைக்குப் போகும். யார் தூக்கச் சொன்னதுன்னு கேப்பாங்க."

பெயிண்ட் பிரிவு அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"ஏத்துக்கிட்டு எழுதினா?"

"மீள்பயன் நிரூபணம். நிலையத்தோட நோக்கம் நிறைவேறியதுன்னு எழுதணும்."

இயக்குநர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். எழுந்தார். கோட்டின் பொத்தானைப் போட்டார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமானதை 'மெதுவா' பிறகு பல பேரிடம் வர்ணித்தார்.

"நாளைக்கு அமைச்சர் எத்தனை மணிக்கு வர்றார்?"

மறுநாள் பந்தலில் உட்கார இடமில்லை. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, பிற நிலையங்கள் எல்லாம் மறுபயணத்துக்கு டன் கணக்கில் எரிபொருளை எரிக்கின்றன. வெப்பத்தால் எஞ்சின் தேய்கிறது. கரி படிகிறது. பழுது பார்க்க வாரக்கணக்கில் ஆகிறது. நாம் நேற்று ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல், எஞ்சினைப் பற்றவைக்காமல், ராக்கெட்டின் வெள்ளை கலையாமல் மறுபயணத்தை முடித்திருக்கிறோம். சொல்லப்போனால், பயணத்துக்குப் பிறகு ராக்கெட் முன்பைவிடப் புதிதாகத் திரும்பியிருக்கிறது. இப்படி ஒரு நிகழ்வை நான் கேள்விப்பட்டதில்லை."

"எவ்வளவு உயரம் போச்சு?" என்று கேட்டார் அமைச்சர்.

"தேவையான உயரம் ஐயா."

"எவ்வளவு நேரம்?"

"இரண்டு மணி நேரம். முதல் பயணம் எட்டே நிமிடம்தான். இதுதான் முன்னேற்றம் என்பது."

அமைச்சர் வெகுவாக மெச்சினார். ராக்கெட்டை மேலே கொண்டுபோன முதல் நிலை உந்துகலம் எங்கே என்று கேட்டார். 'மெதுவா'வை மேடைக்கு அழைத்தார்கள். மாலை போட்டார்கள். அவர் மைக் முன்னால் நின்று, "மெதுவாத்தான் தூக்கினேன்," என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அமைச்சர் கடைசி வரை குனியவில்லை.

கூட்டம் கலைந்ததும் விதிப் பிரிவு அம்மா ஃபிட்டரிடம் ஒரு கவரை நீட்டினார்.

"இரண்டாம் பறப்பு முடிஞ்சதால பொறுப்பு முடிஞ்சுது. இடமாற்ற உத்தரவு. உங்க ஊர்லயே, பம்ப் பழுது பார்க்கற கூடத்துல." அவர் குரலைத் தாழ்த்தினார். "சீக்கிரம் ரயில் ஏறிடுங்க. மூணாவது பறப்புக்கு நாள் பாத்துக்கிட்டு இருக்காங்க. வாரம் ரெண்டு பறப்புன்னு இலக்கு வச்சிருக்காங்க. இன்னொரு கிரேன் வாங்கறாங்க."

பெட்டி கட்டிவிட்டார். ஆனால் சட்டைப் பையில் அந்த ரம்பத் தகடு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறாவது ராக்கெட் அடுத்த மாதம் கிளம்புகிறது. இரண்டு பூச்சு. மூன்று வருட வேலை, எத்தனையோ பேருடைய கை, எல்லாம் சுண்டு விரல் அளவு பெயிண்ட்டால் போய்விடும். எழுதிக் கொடுத்தால் படிக்க மாட்டார்கள். சொன்னால் அதிகாரம் இல்லை. ஒரே வழிதான் இருந்தது. ஆறாவதின் பொறுப்பாளரைத் தேடிப் போனார்.

எலெக்ட்ரீஷியன் அக்கா அவர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆறாவதின் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கம்பிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடிச்சும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

"கிளம்பிட்டியா தம்பி? நல்லா இரு."

"அக்கா, ஒரு விஷயம். யாருக்கும் தெரியாது." அவர் தகட்டை எடுத்து நீட்டினார். "காலோட தாழ்ப்பாள் குழில பெயிண்ட் அடைச்சிருக்கும். கிளம்பறதுக்கு முந்தின நாள் நாலு குழியையும் இதால சுரண்டி விட்டுடுங்க. அரை மணி வேலை. இறங்கும்போது கால் பூட்டிக்கும். அஞ்சாவது அதனாலதான் நின்னுச்சு."

அக்கா தகட்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "நல்லாத் தீட்டியிருக்க."

"அப்போ சுரண்டிடுவீங்கல்ல?"

"சுரண்டினா நின்னுடும்?"

"நிச்சயமா."

"நின்னதுக்கப்புறம் நீ எத்தனை மாசம் இங்க கெடந்த?"

ஃபிட்டர் விரல் விட்டு எண்ணினார். "பதினாறு."

"எங்கம்மாவுக்கு எம்பது வயசு. கண்ணு சரியாத் தெரியல. பக்கத்து வீட்டுக்காரங்க சோறு குடுக்கறாங்க." அக்கா தகட்டைத் திருப்பி அவர் பையிலேயே வைத்தார். "உனக்குக் கிரேன் வந்துச்சு. எனக்கும் வரும்னு என்ன நிச்சயம்? அஞ்சாவதையே வாரம் ரெண்டு தடவை தூக்கப் போறாங்களாம். ஆறாவது நின்னா யாரு திரும்பிப் பாக்கப் போறா?"

"ஆனா அக்கா, நீங்க கட்டின கம்பி..."

"தெரியும் தம்பி," என்றார் அக்கா. "பாக்கற இல்ல? ஒவ்வொண்ணும் சரியாத்தான் கட்டுறேன். அதுல குறை வைக்க எனக்கு மனசு வரல. பெயிண்ட்டைத் தொட எனக்கு அதிகாரம் இல்ல, அவ்வளவுதான்." அடுத்த முடிச்சைப் போட்டார். "ரயிலுக்கு நேரமாச்சு, போ."

அடுத்த மாதம், வீட்டில், மூன்று பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி கையில் பொத்தான் தைக்கிற சட்டை. ஆறாவது ராக்கெட் ஒழுங்காக ஏறியது. போன வேலையை முடித்தது. மேகத்தைப் பிளந்துகொண்டு திரும்பி வந்தது. எஞ்சின் சரியான நேரத்தில் பற்றியது. காற்றில் ஒரு முறை அசைந்து தன்னைத் தானே நேராக்கிக்கொண்டது. கம்பியெல்லாம் எப்படிக் கட்டியிருந்தால் அப்படி நேராகும் என்று ஃபிட்டருக்குத் தெரியும். நாலு காலும் விரிந்தன. பாதங்கள் தளத்தைத் தொட்டன. ஒரு நொடி, எல்லாம் முடிந்துவிட்டது போல நின்றது. பிறகு ஒரு கால் மெல்ல மடிந்தது. ராக்கெட் அசதியில் கண் செருகுகிற ஆள் மாதிரி சாய்ந்து, திரை முழுக்க ஆரஞ்சு நிறமாயிற்று.

இயக்குநர் மைக் முன்னால் வந்தார். நிம்மதி அவர் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. "சாய்வதற்கு முன்பு வரை," என்று தொடங்கினார்.

மகள் எழுந்து குதித்தாள். "அப்பா, விழுந்துடுச்சு. இப்ப யாரோட அப்பா வீட்டுக்கு வரப் போறாங்க?"

"அப்பா இல்லம்மா. வயசான ஒரு அம்மாவோட பொண்ணு."

"ஒரு வாரத்துல போயிருவாங்களா?"

"போயிருவாங்க."

மகள் கை தட்டினாள். மனைவியும் ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு இரண்டு தட்டுத் தட்டினாள். டி.வி.க்குள்ளேயும் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிட்டர் மட்டும் கையைச் சட்டைப் பை மேல் வைத்தபடி, அந்த ஒரு நொடியை மறுபடி மறுபடி போட்டுக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அப்படிப் பாக்கறீங்க?"

"நின்னிருக்கும்," என்றார்.

"தெரியும்," என்றாள் மனைவி. எழுந்து போய், மிச்சமிருந்த மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.